விலாசமும் பெயரும்

மேட்டூரில் ‘குவார்ட்டர்ஸ்’ என்றால் ஒரு பொருள், ‘காலனி’ என்றால் வேறு பொருள். இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன சொற்கள்தான். 1934இல் கட்டி முடிந்த அணையும் பின்னால் வந்த ஆலைகளும் எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் இது. ஊர்/சேரி என்ற பழைய பிரிவினை இங்கே புதுச் சொற்களில் தொடர்ந்தது. நான் படித்த பள்ளியில், பதிவேட்டில் நல்ல பெயர் கொண்ட ஒருவனை வாத்தியார் கூப்பிட்டது ‘ஏண்டா காலனி’ என்றுதான். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

இந்த ஞாபகத்தோடுதான் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யை (2015) மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர், அப்பன் சிறையில். தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விற்றுப் பீட்சாவுக்குக் காசு சேர்க்கிறார்கள். காசு இருந்தும் வாச்சுமேன் உள்ளே விடவில்லை. துணிதான் காரணம் போல என்று புதுத்துணி போட்டுக்கொண்டு போகிறார்கள், அறைதான் விழுகிறது. காசும் துணியும் திறக்காத கதவு எதனால் ஆனது? கேள்வி பிரதிக்குள் எழுந்துவிட்டது. ஆனால் பிரதி உடனே பேரம், டி.வி. என்று கேலிக்குள் ஒதுங்கிவிடுகிறது. கடைசியில் பாட்டி சுட்ட தோசையே தேவலை என்று பையன்கள் சொல்ல, அன்று தியேட்டரே சிரித்தது. நானும்தான். அந்தச் சிரிப்பில் நிம்மதி அடைந்தது யார்? கதவுக்கு உள்ளே இருக்கிற நாம்தான். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. குழந்தைமை என்ற சொல்லாடல் எவ்வளவு வசதியானது பாருங்கள்.

‘ஏழ்மையைப் பத்தின படத்துல சாதியைத் தேடலாமா?’ என்பார்கள். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) கிராமத்துக் கதை, நாவல் வேறு; ஆனாலும் பக்கத்தில் வைக்கலாம். கவுண்டர்களின் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியர் வீட்டுப் பிள்ளைகள். கூளையன், நெடும்பன், வவுறி என்று அங்கேயும் பட்டப்பெயர்கள்தாம். ஆனால் தலைப்பிலேயே சாதி நிற்கிறது. விளையாட்டும் கிணற்று நீச்சலும் உண்டு, பண்ணையக்காரரின் குரல் கேட்கும்வரை. நகரத்துப் படத்துக்கு இந்தக் குரலை மறைப்பது சுலபம். அங்கே சாதி விலாசத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். பழைய வகுப்புத் தோழனிடம் சொன்னேன். ‘பலகையை மாத்திருவாங்கப்பா. எம் பையனைக் கேக்கறப்ப பேரு என்னன்னு கேக்கறதில்ல, எங்கிருந்து வர்றேன்னுதான் கேக்கறாங்க’ என்றான்.