வில்லா லெ லாக்: ஏரியைக் காட்டிய சாளரமும் மறைத்த சுவரும்

வில்லா லெ லாக், சுவிட்சர்லாந்தின் வெவே நகரை அடுத்த கோர்சோ என்னும் ஊரில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள சிறு வீடு. கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே தம் பெற்றோருக்காக இதை 1923-24 ஆண்டுகளில் கட்டினார். 2016-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த அவருடைய 17 படைப்புகளில் இதுவும் ஒன்று. சண்டிகரின் தலைமை அரசு வளாகமும் அதே பட்டியலில் உள்ளது.

இது அவர் பெற்றோருக்குக் கட்டிய முதல் வீடு அன்று. 1912-இல் லா ஷோ-த-ஃபோன் ஊரில் பெரியதொரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் தொழில் செய்த தந்தைக்கு அது தாங்க முடியாத செலவாயிற்று. 1919-இல் நட்டத்திற்கு விற்கப்பட்டது. ஏரிக்கரை வீட்டின் பரப்பு ஏறத்தாழ 64 சதுர மீட்டர் மட்டுமே. நம் கணக்கில் 690 சதுர அடிக்கும் குறைவு. இச்சிறுமையைக் கலைக்கொள்கையாக மட்டும் விளக்குவோர் முந்தைய வீட்டின் கதையை மறந்துவிடுகின்றனர்.

வரைபடத்தை முதலில் முடித்துவிட்டு, அதற்கேற்ற மனையைப் பிறகு தேடியதாக லெ கொர்பூசியே எழுதினார். பாடநூல்கள் இதை அப்படியே திரும்பச் சொல்கின்றன. தெற்குச் சுவரில் ஏறத்தாழ 11 மீட்டர் நீளத்திற்கு ஓடும் ஒரே சாளரத்தையும் தவறாமல் குறிப்பிடுகின்றன. அக்காலத்தில் அவருடைய முன்னாள் ஆசானான ஒகூஸ்த் பெரே, சாளரம் நின்ற மனிதனைப் போல் நெடியதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நீள்சாளரம் அதற்கான மறுப்பாகவே பேசப்படுகிறது.

ஆனால் தோட்டத்தில் நடந்தது வேறு. அங்கே ஏரியை மறைத்து ஒரு சுவர் எழுப்பி, அதில் ஒரே ஒரு சதுரத் திறப்பை மட்டும் விட்டார். திறப்பின் அடியில் ஒரு மேசை. எந்நேரமும் எல்லாப் பக்கமும் தெரியும் காட்சி கண்ணுக்குச் சலித்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். வீட்டுக்குள் தாம் மறுத்த கருத்துக்குத் தோட்டத்தில் பாதி இடம் கொடுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மனையில் நின்று பார்க்காமல் வரைபடத்திலேயே இம்முடிவை எடுத்திருக்க முடியாது. மாணவர்கள் நீள்சாளரத்தை விட இச்சுவரையே கூர்ந்து நோக்க வேண்டும்.

கட்டுமானம் குறையற்றதன்று. சுவர்களில் விரிசல் கண்டது. பின்னாளில் சாலைப் பக்கச் சுவரைத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டாலும், ஏரிப் பக்கத்தை அலுமினியத் தகட்டாலும் மூடினர். இன்று நாம் பார்ப்பது அந்த மூடிய தோற்றமே. விரிசலைப் பற்றித் தம் 1954-ஆம் ஆண்டு நூலில் அவர் ஒளிக்காமல் எழுதியது பாராட்டத்தக்கது.

தந்தை 1926-இலேயே இறந்தார். பியானோ ஆசிரியையான தாய் 1960 வரை, அதாவது 36 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக, இங்கு வாழ்ந்தார். பின்னர் இசைக்கலைஞரான அண்ணன் ஆல்பெர் 1973 வரை இருந்தார். சாலையில் போவோரை நாய் எட்டிப் பார்ப்பதற்கென்றே மதிலோரம் ஒரு சிறு மேடை உண்டு. பூனை உட்கார்ந்து ஏரியைப் பார்க்கவும் தனி இடம் அமைந்திருக்கிறது.