நுரையும் மண்டியும்

ஒரு கலைப்பொருளை அது விற்கப்படும் இடத்தில் மட்டும் நின்று நோக்குபவன் அதன் பாதியைத்தான் காண்கிறான். மறுபாதி, அது செய்யப்படும் இடத்தில் இருக்கிறது. சிற்பத்துக்கும் கவிதைக்கும் உரிய இவ்வுண்மை ஒரு கோப்பைக் கோப்பிக்கும் பொருந்தும் என்பதை எனக்கு உணர்த்தியது, அனலைதீவில் எங்கள் வீட்டுக் குசினியில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடல்.

ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் தம்பியின் மகன், தன் கைத்தொலைபேசியிலிருந்த படங்களை அப்பாச்சிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கபில நிறக் கோப்பியின் மேல் வெண்ணிறப் பால் நுரையால் அமைந்த இலைகள், இதயங்கள், அன்னங்கள். அவன் அந்நகரில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்பவன். அப்படங்களை வரைந்தவனும் அவனே. வறுத்த கோப்பிக்கொட்டையைச் சுளகில் ஆறவிட்டபடி அம்மா அவற்றைக் கூர்ந்து பார்த்தார்.

“வடிவாய்த்தான் கிடக்கு, ராசா. குடிச்சால் அழிஞ்சு போகுமெல்லே?”

“அழிஞ்சுதான் போகும், அப்பாச்சி. அதுக்கு முதல் அவை படம் எடுத்துப்போடுவினம்.”

“அப்ப, நீ வரையிறதை நீ குடிக்கிறேல்லையோ?”

அவன் சிரித்தான். “நான் நிண்டுகொண்டு வரையிறது, அவை இருந்துகொண்டு குடிக்கிறது.”

நிற்பவனுக்கும் இருப்பவனுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை அளக்காமல் கோப்பியின் அழகியலைப் பேச முடியாது என்பதே என் கருத்து.

முதலில் அக்கலைக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். முற்போக்காளர் சிலர் இத்தகையவற்றை ‘பணக்காரரின் பொழுதுபோக்கு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். அது விமர்சனமன்று, சோம்பல். கோப்பையில் படம் வரைதல் கைத்தொழில் நுட்பம் நிறைந்த ஒரு செயல். ஏறத்தாழ ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் சுடுநீர் அரைத்த கோப்பித்தூளினூடாகச் செலுத்தப்படுகிறது. அரை நிமிடத்துக்குள் இறங்கும் அச்சாற்றின் மேல் எண்ணெயும் காபனீரொட்சைட்டு வாயுவும் கலந்த பொன்னிற நுரை ஒன்று படர்கிறது. மறுபுறம், பாலுக்குள் நீராவியைப் புகுத்தி அறுபது பாகை செல்சியசைச் சற்றே தாண்டும்வரை சூடாக்குகின்றனர். பாலிலுள்ள புரதங்கள் காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து, பட்டுப்போன்ற நுண்ணிய நுரையைத் தாங்கி நிற்கின்றன. பால் மிகையாகச் சூடானால் நுரை கெடும். குமிழிகள் பெருத்தால் படம் சிதறும். அதன்பின் எல்லாம் மணிக்கட்டின் வேலை. உயரத்திலிருந்து ஊற்றினால் பால் அடியில் அமிழ்கிறது; கோப்பையை ஒட்டி ஊற்றினால் மேலே வெண்மை விரிகிறது; கையை இருபுறமும் அசைத்தால் இலை நரம்புகள் தோன்றுகின்றன; இறுதியில் நடுவே ஒரு கோடு இழுத்தால் இலை முழுமை பெறுகிறது. சில கணங்களில் முடியும் இவ்வேலைக்குப் பல மாதப் பயிற்சி வேண்டும்.

இந்த நுட்பத்துக்குப் பின்னால் இயந்திரத்தின் வரலாறு உண்டு. 1884இல் தூரின் நகரத்து அஞ்சலோ மொறியொண்டோ நீராவிக் கோப்பி இயந்திரமொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெசேரா கோப்பை கோப்பையாக விரைந்து வடிக்கும் இயந்திரத்தைப் பதிவுசெய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அக்கில்லே காஜாவின் நெம்புகோல் இயந்திரம் அழுத்தத்தை உயர்த்தியபோதுதான், படத்துக்குத் திரைச்சீலையான அந்தப் பொன்னிற நுரை கிடைத்தது. 1980களின் இறுதியிலும் 1990களிலும் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் டேவிட் ஷோமர், இத்தாலியில் லூயிஜி லூப்பி போன்றோர் ஊற்றிப் படம் வரையும் முறையை வளர்த்துப் பரப்பினர். 2005 முதல் இதற்கு உலகப் போட்டியும் நடைபெறுகிறது.

நிலையாத பொருளில் வரைவது கலையாகுமா என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு முற்றமே விடை கூறும். மாக்கோலம் எறும்புக்கும் காற்றுக்கும் உரியது. அதனால் அது கலையன்று என்று எவரும் கூறியதில்லை. ஆனால் கோலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடுண்டு. கோலமிடும் பெண் தன் வாயிலில், தன் மனம் போன வடிவத்தை, தான் விரும்பும் நேரம் எடுத்து இடுகிறாள். கோப்பிக் கடைத் தொழிலாளியோ பிறருடைய பண்டத்தின்மேல், வரிசையில் காத்து நிற்பவரின் அவசரத்துக்குள் வரைகிறான். ஆகவேதான் எண்ணற்ற நகரங்களில் எண்ணற்ற கோப்பைகளில் மீண்டும் மீண்டும் அதே இதயமும் அதே இலையும் அதே அன்னமுமே தோன்றுகின்றன. கைக்குத் திறன் இல்லாமையால் அன்று; சொல்வதற்கு இடம் தரப்படாமையால். உருவம் உச்சத்தை எட்டியிருக்கிறது. உள்ளடக்கமோ விலைச்சீட்டோடு நின்றுவிட்டது. குறை கலைஞனுடையதன்று, அவன் வேலை செய்யும் ஒழுங்கினுடையது.

கோப்பையின் மேற்புறம் இது. அதன் உள்ளே இருப்பது என்ன?

அனலைதீவில் கோப்பித் தோட்டம் இல்லை. தட்டையான சுண்ணக்கல் நிலம். நெல்லும் புகையிலையும் மீன்பிடியும் எங்கள் வாழ்வு. கோப்பிக்கொட்டை எங்களுக்குக் கடல்வழி வந்த பொருள். இன்றும் ஊர்காவற்துறையிலிருந்து படகில்தான் வருகிறது. ஆயினும் கோப்பியின் உலக வரலாறு எங்கள் தீவின் பெயரைத் தொட்டுச் சென்றிருக்கிறது. ஒல்லாந்தர் தம் ஆட்சிக் காலத்தில் அனலைதீவுக்கு றொட்டர்டாம் என்று பெயரிட்டனர். நெடுந்தீவு அவர்கள் இட்ட பெயரை ஆங்கில வழக்கில் இன்றும் சுமக்கிறது. தம் ஊர்ப் பெயர்களை எங்கள் தீவுகளில் ஒட்டிய அதே வணிகக் கம்பெனிதான், யேமனின் தனியுடைமையாயிருந்த கோப்பிச் செடியை யாவாவில் நட்டுப் பெருக்கியது. 1740 அளவில் இலங்கையிலும் பயிரிட முயன்று, பெரும்பயன் காணாது விட்டது.

அந்த வேலையை முடித்தவர் ஆங்கிலேயர். 1824இல் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் தாமே தோட்ட முதலாளியானார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிக் குடியானவரின் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கித் துரைமாருக்குக் கைமாற வழிசெய்தது. உழைப்புக்கு இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளின் வறியோர் திரட்டப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்த அம்மக்களுள் ஆயிரக்கணக்கானோர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாயினர். 1870 அளவில் இலங்கை ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அந்தர் கோப்பியை ஏற்றுமதி செய்ததாகப் புள்ளிவிபரங்கள் பெருமையோடு கூறும். அந்த வழியோரங்களில் விழுந்தோரின் கணக்கு எப்புத்தகத்திலும் முழுமையாக இல்லை.

இவ்விடத்தில் இலக்கிய மாணவர் கவனிக்கவேண்டிய நூல் ஒன்றுண்டு: 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. மலையகத்தின் எழுத்திலக்கிய வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றனர். கும்மி, பெண்கள் கைகொட்டி, கூடி ஆடும் மக்கள் வடிவம். அவ்வடிவத்தை எடுத்துக்கொண்ட ஆசிரியர், கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தோட்ட நிர்வாகத்தின் கண்கொண்டு, துரைமாரைப் போற்றிப் பாடினார். மக்களின் உருவம், எசமானின் உள்ளடக்கம். பாலில் வரைந்த இலையைப் போலவே இக்கும்மியும் மேற்பரப்பின் கலையே. அதே மலைகளில் எழுதத் தெரியாத பெண்கள் பாடிய பாட்டுகள் வேறு. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அரும்பாடுபட்டுச் சேகரித்த நாட்டார் பாடல் மரபில், உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த கோப்பி மலையைச் சுட்டிக்காட்டிப் புலம்பும் குரல் கேட்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவனுக்கு, உருவம் உள்ளடக்கம் பற்றி வேறு பாடம் தேவையில்லை.

வரலாறும் ஒரு விமர்சனம் செய்தது. கும்மி வெளிவந்த அதே 1869இல்தான் இலங்கையின் கோப்பி இலைகளில் துருநோய் இனங்காணப்பட்டது. இலையின் அடியில் செம்மஞ்சட் பொடியாகப் படர்ந்த அப்பூஞ்சணம், இரு பத்தாண்டுகளுக்குள் தோட்டத்துறையை அழித்தது. 1880இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட், மலைமேல் மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே நோய்ப் பரவலுக்கு வாய்ப்பளித்தது என்பதைக் கண்டார். ஏகபோக ஆசை தன் நோயைத் தானே வளர்த்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். தொழிலாளர் அதே லயன்களில் இருந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. வடக்கே நாம் காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

‘நாம்’ என்று எழுதும்போது கை தயங்குகிறது. ஏனெனில் எங்கள் தீவிலேயே அந்த ‘நாம்’ ஒன்றாக இருந்ததில்லை.

எங்கள் கோப்பிக்கும் ஓர் அழகியல் உண்டு. கொட்டையைக் கருகவிடாது வறுத்து, மல்லியும் சேர்த்து உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, கொதிநீரில் இட்டு மண்டி அடியில் படியவிடுவர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அதனை வெறுங்கோப்பியாகக் குடிப்பதில் உள்ள இன்பம் பெரிது. கூத்து நடக்கும் இரவிலும் இழவு வீட்டு விடியலிலும் கண்விழித்திருப்போரை அது தாங்கியது. அதனை ஏந்திய மூக்குப்பேணியோ யாழ்ப்பாணக் கைவினையின் செம்மையான வடிவங்களுள் ஒன்று. ஆனால் அதன் வளைந்த மூக்கு எதற்காக? உதடு படாமல் குடிப்பதற்காக. அழகான அவ்வளைவுக்குள் ‘எச்சில்’ என்ற கருத்து உறைந்திருக்கிறது. அந்த மூக்குப்பேணியும் எல்லோருக்கும் நீட்டப்படவில்லை. வயலில் உழைத்தவர்களுக்குச் சிரட்டையில் மேலிருந்து ஊற்றினார்கள். பின்னர், எங்கள் வீட்டு வேலிக் கதியாலில் ஒரு தகரப்பேணி கவிழ்ந்து தொங்கியது. யாருக்கு என்று சிறுவனான நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்திருந்தது. அறியாமையைவிட வெட்கத்துக்குரியது இவ்வறிவு.

குடாநாட்டுத் தேநீர்க் கடைகளிலும் இதுவே வழக்கு: ஒருவருக்குக் கண்ணாடிக் குவளை, மற்றவருக்குப் போத்தலோ தகரமோ, அதுவும் கடைக்கு வெளியே. தமிழ்நாட்டிலும் பிராமணருக்குத் தனியிடம் வகுத்த காப்பிக் கிளப்புகளும், பின்னர் இரட்டைக் குவளைக் கடைகளும் இருந்தன. அங்குக் காப்பி எவ்வாறு ஒரு வர்க்கத்தின், ஒரு சாதியின் பெருமையடையாளமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இங்கு, 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது, குவளை மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் நடந்த நுழைவுப் போராட்டங்களும்தான் அதனை மாற்றத் தொடங்கின. ஒரு குவளைத் தேநீருக்காக மனிதர் அடிபட்டனர், உயிரும் கொடுத்தனர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற படைப்புகள் அக்காலத்தின் வெப்பத்தைச் சுமந்து நிற்கின்றன. கோப்பையில் என்ன வரையப்பட்டிருக்கிறது என்பதைவிட, யாருக்கு எந்தக் கோப்பை என்பதே நம் மண்ணில் முதன்மையான அழகியற் கேள்வியாக இருந்தது.

அன்று மாலை என் தம்பி மகன் எங்கள் குசினியில் தன் வித்தையைச் செய்துகாட்ட முயன்றான். இயந்திரமில்லை, பாலை இரு பேணிகளுக்கிடையே ஆற்றி நுரை எழுப்பினான். எங்கள் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் எக்காலமும் செய்துவருவதுதான். படம் சரியாக விழவில்லை. ஏதோ வெண்மேகம்போல் ஒன்று மிதந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, “நோகிறேல்லையோ?” என்று கேட்டார். “நோகும்” என்றான். நான் அதுவரை கேட்டிராத கேள்வி அது. ஒரு கலையைப் பற்றி இத்தனை எண்ணிய எனக்கு, அதைச் செய்யும் கையைப் பற்றி எண்ணத் தோன்றவில்லை.

வேலி அடைக்க வந்திருந்த முதியவருக்கும் அதே கோப்பையில், அதே கோப்பியை அவன் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் திண்ணையில் இருந்து குடித்தார். மேகத்தைப் பார்த்துச் சிரித்தார். குடித்து முடித்ததும், எவரும் சொல்லாமலே எழுந்து கிணற்றடிக்குப் போய், கோப்பையைத் தாமே கழுவி, மற்றவற்றோடு சேராமல் தனியே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

நுரையில் வரைந்த படம் ஒரு மிடறில் அழிந்துவிடும். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த முதியவரின் கையில் நாங்கள் வரைந்த படம் அழியவில்லை. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் நுரையின் அழகைப் பேசட்டும். அதனைப் பேசுவதும் நம் கடமையே. ஆனால் கோப்பையின் அடிவரை குடித்து, மண்டியின் கசப்பையும் அறிந்த பின்னரே பேசவேண்டும்.