செயலியின் கணக்கும் தறிவீட்டின் கணக்கும்

கூரைமேல் சோலார் தகடு, சுவரில் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், அதன் அடியில் லித்தியம் பேட்டரி, கையில் செயலி. முதல் மூன்றையும் எடைபோட நமக்குத் தெரியும். தகட்டுக்கு வாட், இன்வெர்ட்டருக்கு கே.வி.ஏ., பேட்டரிக்கு ஆம்பியர்-அவர் என்று கடைவாசலிலேயே பேரம் நடக்கிறது. நான்காவது மட்டும் இலவச இணைப்பாக வந்து, யாருடைய விமரிசனத்துக்கும் ஆளாகாமல் கைப்பேசிக்குள் குடியேறிவிடுகிறது. பேட்டரிக்குள் நடப்பதை அறியவும், அதன் போக்கை மாற்றவும் வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் அது ஒன்றே வழி. அந்த நிலையில் இந்தச் சலுகை நியாயமில்லை.

என் அளவுகோல் எளியது. செயலி காட்டுவது உண்மையா? சொன்னதைத் தேவைப்படும் நேரத்தில் செய்கிறதா? சோதனைக்களமாக, ஆரணிப் பக்கத்துத் தேசூரின் பட்டுத்தறி வீடு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நகரத்து அடுக்ககத்தை எடுத்தால் மின்கட்டணம் என்ற ஒற்றைக் கவலை மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆரணிப் பட்டு வட்டாரத்தின் குழித்தறி மின்சாரம் கேட்பதில்லை. கேட்பவை தறிமேல் தொங்கும் விளக்கு, மின்விசிறி, ஊடைநூலைத் தாரில் சுற்றும் சிறு மோட்டார், பிறகு எல்லா வீடுகளிலும் உள்ள ஃபிரிட்ஜும் டி.வி.யும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023இல் 300 யூனிட்டாக்கியது. ஆகவே இங்கே கட்டணம் பெரிய பிரச்சினை இல்லை. கரண்ட் போவதுதான் பிரச்சினை. பொழுது சாய்ந்தபின் விளக்கு அணைந்தால் ஜரிகை இழை கண்ணுக்குப் பிடிபடாது, தறி நிற்கும்.

முதலில் செயலியின் தகுதியைச் சொல்லவேண்டும். 2012இன் மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்த இன்வெர்ட்டர்கள் இரண்டு மூன்று சிறு விளக்குகளாலும் ஒரு பீப் ஒலியாலும் மட்டுமே நம்மோடு பேசின. பீப் கேட்டபோது பேட்டரி ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இன்றைய செயலியின் நாள் வரைபடம் அந்த ஊமைத்தனத்தைத் தீர்த்துவிட்டது. எல்லாரும் உறங்கும் இரவு 2 மணிக்கு வீடு எவ்வளவு இழுக்கிறது, ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழுகிறது, பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எந்த மணிக்குத் தகட்டில் விழுகிறது என்பதையெல்லாம் ஒரு வாரக் கோடுகளிலேயே படித்துவிடலாம். இது மெய்யான சாதனை.

ஆனால் எல்லாருடைய கண்ணும் முதலில் போகும் எண்ணில்தான், அதாவது பேட்டரியில் மிச்சமுள்ள விழுக்காட்டில்தான், செயலியின் நேர்மை தளர்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் மின்னழுத்தம் 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்குள்தான் அசைகிறது. அழுத்தத்தைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாததால், உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே பேட்டரியின் கட்டுப்பாட்டுப் பலகை கணக்கு வைக்கிறது. சிறு பிழைகள் நாள்தோறும் சேரும். பேட்டரி ஒருமுறை முழுதாக நிரம்பும்போதுதான் அந்தக் கணக்கு நேராகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாள் அது நிரம்புவதே இல்லை. அப்போதும் திரை கூச்சமில்லாமல் 43 என்கிறது, 42 என்கிறது. பழைய டியூபுலர் பேட்டரியோடு இணைத்த செயலிகளின் நிலை இன்னும் மோசம். அவை அழுத்தத்தை வைத்தே ஊகிப்பதால், மோட்டார் ஓடும்போது விழுக்காடு சரிகிறது, நிறுத்தியதும் தானாக ஏறிக்கொள்கிறது. ‘கடைசியாக முழுதாக நிரம்பியது எப்போது’ என்ற ஒரு வரியை அந்த எண்ணுக்குக் கீழே போட்டிருந்தால் வாசகரே அதன் நம்பகத்தை மதிப்பிட்டுக்கொள்வார். அந்த வரியை முகப்பில் காட்டும் செயலிகள் அரிது.

அடுத்தது ‘இன்றைய சேமிப்பு’ என்று மின்னும் ரூபாய். இதை வெறும் அலங்காரமாக ஒதுக்க முடியாது. சோலாருக்கு வாங்கிய கடன் எப்போது தீரும் என்பதைப் பலர் இதைப் பார்த்தே கணிக்கிறார்கள். செயலி செய்வது ஒரே பெருக்கல்: உற்பத்தியான யூனிட்டை, நாம் உள்ளிட்ட ஒரு விலையால். தமிழ்நாட்டுக் கட்டணமோ இரண்டு மாத அடுக்குக் கட்டணம். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப்போக விலை ஏறும். கூடுதலாகச் செலவழிக்கும் வீட்டில் சோலார் மிச்சப்படுத்துவது மேலடுக்கின் விலையுயர்ந்த யூனிட்டுகளை. அங்கே சராசரி விலையை உள்ளிட்டால் செயலி சேமிப்பைக் குறைத்துச் சொல்கிறது. 250 யூனிட்டில் நிற்கும் தறிவீட்டிலோ மிச்சப்படுவது விலையே இல்லாத யூனிட். அங்கே செயலி காட்டும் சேமிப்பு முழுக் கற்பனை. ஒரே கணக்கு முறை இரு திசையிலும் தவறுகிறதென்றால் கோளாறு முறையிலேயே இருக்கிறது. இத்தனை மரங்கள் நட்டதற்குச் சமம் என்று செயலி காட்டும் கணக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இனி, கட்டளை ஏற்கும் பக்கம். பெரும்பாலான செயலிகளில் மிகுந்த உழைப்போடு வடிவமைத்திருக்கும் பக்கம் நேரவாரித் திட்டம்: மலிவான நேரத்தில் நிரப்பு, விலை ஏறும் நேரத்தில் செலவழி. ஆஸ்திரேலியாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் அது உயிர்நாடி. வீட்டு இணைப்புக்கு நேரவாரிக் கட்டணம் இல்லாத நம் ஊரில் வேலையற்ற பக்கம். இங்கே உண்மையில் பயன்படுவது ஒரே அமைப்பு: கரண்ட் இருக்கும்போது பேட்டரி எந்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்னும் இருப்பு வரம்பு. பல கருவிகளில் அது மூன்று நான்கு திரைகளுக்கு உள்ளே கிடக்கிறது.

இதன் விளைவு சிறியதல்ல. கருவிகள் பலவும் ‘சொந்தப் பயன்பாடு முதலில்’ என்ற நிலையிலேயே வீட்டுக்கு வருகின்றன. பொழுது சாய்ந்ததும் பேட்டரி வீட்டை ஓட்டத் தொடங்கி, நடுநிசிக்குள் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தறிவீட்டில் இதற்கு என்ன பொருள்? இலவசமாகக் கிடைக்கும் மின்சாரத்தை மிச்சப்படுத்த, காசு கொடுத்து வாங்கிய பேட்டரியின் ஆயுளைத் தினமும் ஒரு சுற்று தேய்க்கிறோம். ஏற்றி இறக்குவதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வீணாவது தனி. பிறகு இரவு 11 மணிக்கு உண்மையிலேயே கரண்ட் போகும்போது கையில் இருப்பு இல்லை. வரம்பை 70, 80 என்று உயர்த்துவதே இந்த வீட்டுக்குச் சரி. நூறிலேயே நிறுத்தி வைப்பதும் தவறு. நம் கோடை வெக்கையில் நிரம்பிய பேட்டரி சும்மா இருந்தே முதுமை அடையும். இந்த நுணுக்கங்களில் ஒன்றையாவது விளக்கும் வாக்கியம் செயலியின் திரையில் தேடினாலும் அகப்படாது. பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 முதல் 78,000 ரூபாய் வரை தரும் மானியம் தகட்டின் திறனுக்கானது. பேட்டரி முழுக்க வீட்டுக்காரரின் பணம். அந்தப் பணத்தின் ஆயுளை முடிவு செய்யும் அமைப்பு இவ்வளவு ஆழத்தில் புதைந்திருப்பதை வடிவமைப்புப் பிழை என்றே சொல்வேன்.

நம்பகத்தின் கேள்வி இதைவிடக் கடினமானது. கைப்பேசியில் தட்டும் கட்டளை செல்போன் கோபுரம் வழியாக எங்கோ உள்ள சர்வருக்குப் போய், திரும்பி வீட்டு மோடத்துக்கு வந்து, அங்கிருந்து இன்வெர்ட்டரில் செருகிய வைஃபை கருவியை அடைகிறது. ஐந்தடி தூரத்திலுள்ள பெட்டிக்கு இத்தனை சுற்று. மோடம் பேட்டரிப் பக்கத்து இணைப்பில் இல்லாவிட்டால், கரண்ட் போன கணமே செயலி குருடாகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அத்தகைய நாட்களில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் சேர்ந்தே சாயும். செயலியின் உண்மையான தேர்வு அன்றுதான். சர்வரை மட்டும் நம்பும் செயலி அன்று தேர்வு எழுதவே வராது. டெஸ்லாவின் செயலி புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியை முன்கூட்டியே நிரப்பிவைக்கும். விக்ட்ரான் செயலியோ புளூடூத் வழியாக இணையமே இல்லாமல் கருவியோடு பேசும். முன்னதில் கற்பனைவளம் அதிகம். தேசூருக்கு வேண்டியது பின்னது.

தொலைவிலிருந்து இயக்கும் வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் டெய் நிறுவனத்தின் சில இன்வெர்ட்டர்கள், விற்பனை உரிமைத் தகராறு ஒன்றின் நடுவே, தொலைவிலிருந்தே முடங்கின. பணம் கொடுத்து வாங்கியவர் தகராறில் கட்சிக்காரரே இல்லை. ஆனால் இதை வைத்து இணைப்பையே நிராகரிப்பதும் அவசரம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை சரிந்தபோது, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை உரிமையாளர்களிடம் வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. வீட்டு பேட்டரிகள் நிறைய இருந்து, அவற்றுக்கு ஒழுங்கான பொதுக் கட்டளையும் போயிருந்தால், அந்த மதிய மின்சாரம் மாலைக்கு மிஞ்சியிருக்கும். இணைப்பு வேண்டும், அதன் சாவி வீட்டுக்காரரிடமும் இருக்கவேண்டும். முக்கிய அமைப்புகளை, கருவியைப் பொருத்தியவரின் கடவுச்சொல்லுக்குள் பூட்டிவைக்கும் வழக்கத்துக்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு; தவறான அழுத்த அளவு பேட்டரியைக் கெடுக்கும். இருப்பு வரம்புக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. கண்காணிக்கும் ஏடாக இச்செயலிகள் தேறுகின்றன, விழுக்காட்டையும் ரூபாயையும் சந்தேகத்தோடு படிக்கும் வாசகருக்கு. கட்டுப்படுத்தும் கருவியாகப் பெரும்பாலானவை தேறவில்லை. அவை வேறொரு நாட்டின் கட்டணச் சீட்டுக்காக எழுதப்பட்டவை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிமுதல் மின்தடை என்று முதல்நாளே நாளிதழில் வரும் அறிவிப்பை உள்ளிடக்கூட அவற்றில் இடமில்லை. வாங்கப்போகிறவர் கடையில் ஒன்று செய்யலாம். மோடத்தை அணைக்கச் சொல்லி, கைப்பேசியின் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, இருப்பு வரம்பை 20இலிருந்து 80க்கு மாற்றிக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்கலாம். செயலியிலோ பெட்டியின் பொத்தான்களிலோ அவரால் மாற்ற முடிந்தால், அதன் பிறகு விலையைப் பேசலாம்.