இமைமேல் மிதக்கும் கை

மருத்துவத்தில் கைநேர்த்தி என்றதும் எல்லோரும் அறுவை அரங்கைத்தான் நினைப்பார்கள். என் ரசனை வேறு. நரம்பியல் ஐ.சி.யூ.வில், மூடிய இமையின் மேல் நிதானமாக நகரும் அல்ட்ராசவுண்ட் புரோபை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூளையைச் சுற்றிய சவ்வுகளுக்கிடையே ரத்தம் கசிந்திருப்பதைச் சொல்லப் பொதுவாக சி.டி. போதும். விபத்தில் அடிபடாதவர் என்றால், பெரும்பாலும் ரத்தக்குழாயில் புடைத்திருந்த அனியூரிசம் வெடித்திருக்கும். அடுத்த கவலை, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்பது. மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாது. நொடிக்கொரு தரம் சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது.

இங்கேதான் கண் உதவிக்கு வருகிறது. பார்வை நரம்பு மூளையின் நீட்சியே. மூளையைப் போர்த்திய உறைகளே அதையும் போர்த்திக் கண்வரை வருகின்றன. மூளைத் தண்டுவட நீரும் உள்ளே கூட வருகிறது. அழுத்தம் கூடினால் விழிக்குச் சற்றுப் பின்னால் உறை புடைத்துக்கொள்ளும். ஆப்தல்மோஸ்கோப்பில் பார்க்கும் நரம்புத் தலை வீக்கம் வெளித்தெரிய மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகலாம். உறை காத்திருப்பதில்லை, நிமிடங்களில் விரியும். 1990களில் ஜெர்மானியர்களான ஹான்சென், ஹெல்ம்கே இருவரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

அளவெடுப்பது விழியின் பின்சுவரிலிருந்து 3 மி.மீ. தள்ளி. உறையின் அகலம் 5 மி.மீ.யைத் தாண்டினால் சந்தேகம் தொடங்கும். எல்லையை 6-க்குப் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. அரை மி.மீ. பிசகினால் தீர்ப்பே மாறிவிடும் என்பதால் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேர்ந்தவர் ஜெல்லைத் தாராளமாக ஊற்றுவார். விரல்கள் நெற்றியிலோ மூக்கெலும்பிலோ ஊன்றியிருக்கும். புரோப், பால் ஏட்டைக் கலைக்காமல் வைத்த கரண்டி மாதிரி ஜெல்லின் மேல் நிற்கும். விழியை அழுத்தினால் இதயத்துடிப்பே குறையலாம். விழி கிழிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தாலோ புரோபை எடுக்கவே கூடாது. மெஷினின் ஒலித்திறனையும் கண்ணுக்குரிய அளவுக்குத் தாழ்த்திக்கொள்வார்.

புதிதாகக் கற்பவர் திரையில் கறுப்பாக ஒரு பட்டையைப் பார்த்ததும் அளந்துவிடுவார். பல நேரம் அது நரம்பே அல்ல, லென்ஸின் விளிம்பு விழுத்திய நிழல். தேர்ந்தவர் புரோபைக் கடைக்கண் பக்கமாக நகர்த்தி, மயிரிழை சாய்த்து, நரம்பின் விளிம்பும் உறையின் விளிம்பும் தனித்தனியாகப் பிரியும்வரை விடமாட்டார். பிறகு வேறு தளத்தில் ஒருமுறை, அடுத்த கண்ணிலும் அதேபோல.

ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுப்பது எனக்கு ஒப்பாது. கடும் அழுத்தத்தில் ஒருமுறை விரிந்த உறை, அழுத்தம் தணிந்த பிறகும் உடனே சுருங்காமல் இருக்கலாம். மூளை அறைக்குள் குழாய் செருகி நேரடியாக எடுக்கும் அளவுக்கு இது மாற்றல்ல.

இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் பிறகு வருகிறது. உறையை அளக்கக் கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்புகள் ஊதித் தெரியும். விழிக்குள் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க அதே கெயினை ஏற்ற வேண்டும். விழியை நிரப்பியிருக்கும், கறுத்துக் கிடந்த விட்ரியஸில் மெல்லிய துகள்கள் அப்போதுதான் தலைகாட்டும். நினைவுள்ளவரிடம் விழியை இடம்வலமாக அசைக்கச் சொன்னால், விழி நின்ற பிறகும் துகள்கள் சுழன்றுகொண்டிருக்கும். மூளைக் கசிவோடு விழிக்குள்ளும் ரத்தம் கசிவதைப் பற்றி 1881-இலேயே மருத்துவர் லிட்டன் எழுதிவிட்டார். பெயரென்னவோ 1900-இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டெர்சனுக்குப் போய்ச்சேர்ந்தது.

இந்த டெர்சன் சிண்ட்ரோம் இருந்தால் மூளைக் கசிவு கடுமையானது என்று பொருள், உயிராபத்தும் கூடுதல். பிழைத்து எழுந்தவர் கண் தெரியவில்லை என்பார். மூளை பாதிப்பு, இனி இவ்வளவுதான் என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் அந்த ரத்தம் தானாகவே கரையலாம். கரையாவிட்டால் விட்ரெக்டமி என்ற கண் அறுவை செய்து அகற்றலாம், பலருக்குப் பார்வை நன்றாகத் திரும்புகிறது. உறையை மட்டும் அளந்துவிட்டு, கெயினை ஏற்றிப் பார்க்காமல் புரோபைத் துடைத்து வைப்பவரை, கை எவ்வளவு லாகவமாக இருந்தாலும், பாதி வேலை செய்தவராகத்தான் நான் கணக்கில் வைப்பேன்.