பேட்டரி தின்ற டிக்கி

மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகையும், அதன் உடன்பிறப்பான டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடரும் 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் கர்நாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் தயாரானவை. முகப்பும் பெயரும் வேறு, உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்று. வாகனங்களைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் சான்றின்படி லிட்டருக்கு 27.97 கி.மீ. மைலேஜ், 210 மி.மீ. தரை இடைவெளி, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் இருக்கை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை (ஓ.எம்.ஆர்.) ஒட்டிய சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் அடுக்ககங்களில் குடியேறிய குடும்பங்கள் வண்டி தேடும்போது கேட்கும் இரண்டும், அதாவது உயரமும் மைலேஜும், ஒரே இடத்தில் கிடைப்பதால் இந்த வண்டி அவர்கள் பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிறது. திரையின் அளவு, ஸ்பீக்கர் எண்ணிக்கை எல்லாம் ஷோரூமில் ஒப்பிப்பார்கள்.

உயரமான இருக்கையின் மீதான ஆசை தென்சென்னைப் புறநகருக்குப் புதிதல்ல. அந்த ஆசையைச் சிறிய வண்டிக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஃபோர்டு எகோஸ்போர்ட்டுக்கு உண்டு. 2013 முதல் 2022 வரை அது மறைமலைநகரில்தான் உற்பத்தியானது. நான்கு மீட்டருக்குள் அடங்கவேண்டும் என்ற வரி விதிக்கு உட்பட்டும், ஓட்டுபவரை ஹேட்ச்பேக்குகளுக்கு மேலே உட்காரவைத்தது. 2015-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் க்ரெட்டா அதை ஓர் அளவு பெரிதாக்கியது. இன்று ஓ.எம்.ஆரில் பாதி வண்டிகள் உயரமானவை. அதனால் உயரத்தின் பழைய லாபம் குறைந்துவிட்டது. முன்னால் நிற்பது இன்னொரு எஸ்.யூ.வி.யோ, ஐ.டி. நிறுவனப் பேருந்தோ, தண்ணீர் லாரியோ என்றால் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தாலும் தெரிவது அதன் முதுகுதான்.

உயரம் உண்மையில் பயன்படுவது ஓட்டுபவருக்கு அல்ல, ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் தாத்தா பாட்டிக்கு. செடானில் ஏற இடுப்பை மடக்கிக் கீழே இறங்கவேண்டும், எழும்போது முழங்கால் கெஞ்சும். தார், ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில் ஏணி ஏறுவதுபோல் ஏறவேண்டும். கிராண்ட் விட்டாராவின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் இருப்பதால், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். வண்டி பார்க்கப் போகும்போது மூட்டுவலி உள்ளவரை அழைத்துச்செல்வது எந்த விவரப்பட்டியலைவிடவும் பயன்தரும்.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்களும் இவ்வகை வண்டிகளில் தடிமனானவை. ஓ.எம்.ஆரில் யூ-டர்ன் அடிக்கும்போது வலதுபக்கத் தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் முழுதாக மறைந்துவிடும். ஓட்டுநர் தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கப் பழகவேண்டும். இன்னொன்று, தரை இடைவெளியை வெள்ளத்துக்கான உரிமமாக எடுத்துக்கொள்வது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றிய பகுதிகள் மூழ்கியதையும் பார்த்தவர்கள் உயரமான வண்டி வாங்க நினைப்பது இயல்பு. ஆனால் 210 மி.மீ. என்பது வண்டியின் அடிப்பாகத்துக்கும் சாலைக்கும் உள்ள தூரம் மட்டுமே. தண்ணீர் என்ஜினின் காற்று உறிஞ்சும் குழாயை எட்டினால் உயரமான வண்டியும் நின்றுவிடும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சேர்ப்பது இந்தப் பகுதியில் ஆடம்பரமல்ல.

உயரமும் மைலேஜும் இயற்பியலில் பகையாளிகள். வண்டி எதிர்கொள்ளும் காற்றின் தடை, முகப்பின் பரப்போடும் வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் உள்ள தடை, 30 கி.மீ. வேகத்தில் உள்ளதைப்போல் ஒன்பது மடங்கு. ஆகவே திருச்சி நெடுஞ்சாலையில் உயரமான வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தே தீரும். ஆனால் நாவலூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை மெட்ரோ தூண்களுக்கு இடையே ஊர்ந்து போகும் வண்டிக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே பெட்ரோலை விழுங்குபவை மூன்று: நின்றுகொண்டே ஓடும் என்ஜின், ஒவ்வொரு நகர்விலும் எடையை மறுபடி உந்துவது, ஏ.சி. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கி.மீ.க்கும் மேல் நீளும் மெட்ரோ வழித்தடம் திறக்கும்வரை இந்தச் சாலையில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த மூன்றுக்கும்தான் காசு கொடுக்கிறார்கள்.

ஹைபிரிட் தன் வித்தையைக் காட்டும் இடமும் அதுதான். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் 92 குதிரைத்திறன் தருகிறது, மின்மோட்டார் 80. கூட்டினால் 172 வரவேண்டும், ஆனால் மொத்தம் 115.5 என்கிறார்கள். மோட்டார் கேட்கும் அளவு மின்சாரத்தை அந்தச் சிறிய பேட்டரி ஒரே மூச்சில் தர முடியாது என்பதே காரணம். என்ஜின் அட்கின்சன் முறையில் இயங்குகிறது: உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுவதால், அழுத்தும் தூரத்தைவிட விரியும் தூரம் அதிகம். எரிபொருளின் ஆற்றல் வீணாவது குறைகிறது, ஆனால் தாழ்ந்த வேகத்தில் இழுவை போதாது. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. கிளட்சும் பெல்ட்டும் இல்லாமல் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி இரண்டையும் இணைக்கிறது. 1997-இல் ப்ரியஸில் டொயோட்டா அறிமுகப்படுத்திய ஏற்பாடுதான் இது. கால் நூற்றாண்டாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேறியிருக்கிறது.

நெரிசலில் இதன் விளைவு அலாதி. சிக்னல் விழுந்ததும் வண்டி சத்தமில்லாமல் நகர்கிறது. பிரேக்கை அழுத்தும்போது வெப்பமாகப் போயிருக்கவேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. ஏ.சி. கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால், என்ஜின் அணைந்திருந்தாலும் குளிர்காற்று நிற்பதில்லை. சாதாரண வண்டிகளில் சிக்னலில் என்ஜின் தானாக அணையும் வசதி இருக்கிறதே, அதைச் சித்திரை வெயிலில் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும்: என்ஜின் அணைந்த அரை நிமிடத்தில் முகத்தில் வெந்நீராவி அடிக்கும், பிறகு அந்த வசதியையே நிரந்தரமாக அணைத்துவிடுவார்கள். மற்ற பெட்ரோல் வண்டிகள் எங்கே மைலேஜை இழக்கின்றனவோ அங்கே இது சேமிக்கிறது. பேட்டரி சிறியது என்பதால் நீண்டநேரம் நின்றால் என்ஜின் தானே விழித்து மின்னேற்றும். அப்போதும், மேம்பாலத்தில் வேகமாக ஏறும்போதும், மூன்று சிலிண்டரின் கரகரப்பு உள்ளே கேட்கும். அதுவரை இருந்த அமைதியால் அது கூடுதலாகவே உறுத்தும்.

விளம்பரத்தில் வரும் 27.97 ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல், ஏ.சி. இல்லாமல் எடுத்த எண். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஹைபிரிட் வாங்குவது நஷ்டம் என்றே வரும். அறிமுக விலையில் ஹைபிரிடுக்கும் அதே தரநிலையில், மோட்டார் பெயரளவுக்கே உதவும் மைல்டு ஹைபிரிட் ஆட்டோமேட்டிக்குக்கும் இடைவெளி 2.6 லட்சம் ரூபாய். தமிழகத்தில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள புதிய கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம் என்பதால் அந்த இடைவெளி மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. ஆட்டோமேட்டிக்கின் சான்று மைலேஜ் 20.58. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டினால் மிச்சமாவது ஏறத்தாழ 155 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் முதல் திரும்ப இருபது ஆண்டுகள் ஆகும்! நெரிசலில் கணக்கு மாறுகிறது. சாதாரண வண்டி 12-க்கு இறங்கி, ஹைபிரிட் 20-இல் நின்றால், ஆண்டுக்கு 400 லிட்டர் மிச்சம். எட்டு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டுபவருக்கு ஐந்து ஆண்டுகூட ஆகாது. பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் இருப்பது இந்த இடத்தில் ஆறுதல். வரியில் மட்டும் ஆறுதல் இல்லை. 2025 செப்டம்பர் 22-க்கு முன் இந்த அளவு ஹைபிரிடுக்கு 43 சதவீதமும் இதே அளவு பெட்ரோல் வண்டிக்கு 45 சதவீதமும் வரி இருந்தது. அன்றுமுதல் இரண்டுக்கும் 40. பெட்ரோலை மிச்சப்படுத்தும் வண்டிக்கு இருந்த அந்த இரண்டு சதவீதச் சலுகையும் போயிற்று.

இத்தனை நல்ல வண்டியின் மேல் தீராத கோபம் வருவது பின்கதவைத் திறக்கும்போது. மைல்டு ஹைபிரிடில் 373 லிட்டராக இருக்கும் டிக்கி, ஸ்ட்ராங் ஹைபிரிடில் 265 லிட்டராகச் சுருங்குகிறது. வெறும் 0.76 கிலோவாட்-மணி பேட்டரி, முதல் நெக்ஸான் மின்காரின் பேட்டரியில் நாற்பதில் ஒரு பங்கு, டிக்கியின் தரைக்கு அடியில் உட்கார்ந்து தரையையே மேலே தூக்கிவிடுகிறது. ஒப்பிட்டால் வேதனை கூடும். 4,345 மி.மீ. நீளமுள்ள இந்த வண்டியின் டிக்கியும் 2024 ஸ்விஃப்டின் டிக்கியும் ஒரே அளவு. அதைவிடக் குட்டையான டாடா பஞ்சின் பெட்ரோல் வகைக்கே 366 லிட்டர் உண்டு.

சிறுசேரியிலிருந்து அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய்வர இந்த டிக்கி தாராளம். மடிக்கணினிப் பை, காய்கறி, கிரிக்கெட் மட்டை எல்லாம் அடங்கும். சோதனை பொங்கலுக்குத்தான். நான்கு பேர் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ கிளம்பினால் ஆளுக்கொரு பெட்டி நிற்காது. தரை உயர்ந்துவிட்டதால் பெரிய பெட்டியைப் படுக்கவைக்கவேண்டும், படுக்கவைத்தால் மற்றதற்கு இடமில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் திரும்பும்போது ஊரார் சும்மா விடுவதில்லை. ஓர் அரிசி மூட்டை, பத்துத் தேங்காய், ஒரு வாழைத்தார், கடைசி நிமிடத்தில் ஒரு முறுக்கு டின். பின்னிருக்கையின் ஒரு பகுதியை மடக்கலாம், ஆனால் அங்கே பாட்டி உட்கார்ந்திருப்பார்.

அடுத்த வழி கூரையில் கேரியர் போடுவது. அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் கூரைமேல் கட்டிய பெட்டிகள் காற்றுத் தடையை நேரடியாக ஏற்றுகின்றன. பேட்டரி டிக்கியைத் தின்றது, டிக்கியிலிருந்து விரட்டப்பட்ட பெட்டி கூரைக்கு ஏறியது, கூரையில் ஏறிய பெட்டி பேட்டரி சேமித்த பெட்ரோலைத் தின்கிறது. கூரையில் இன்னொரு தொல்லையும் உண்டு: உயர்ந்த வகைகளில் அதன் பெரும்பகுதி கண்ணாடியாக, பனோரமிக் சன்ரூஃப் என்ற பெயரில் இருக்கிறது. ஆண்டில் பத்து மாதம் திரையை மூடியே வைக்கவேண்டிய சென்னையில் அது எதற்கு என்பதை விற்பவர்களால் சொல்ல முடிவதில்லை. உயரமாக இருப்பவர் பின்னால் உட்கார்ந்தால் தலை இடிக்கும் அளவுக்கு அது உயரத்தைத் திருடுகிறது. உயரத்துக்காக வாங்கிய வண்டியில் இது என்ன கொடுமை!

இதைத் தவிர்த்திருக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ஐரோப்பாவில் விற்கும் யாரிஸ் ஹைபிரிடில் டொயோட்டாவே பேட்டரியைப் பின்னிருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறது. ஆனால் கிராண்ட் விட்டாரா சுஸுகியின் அடித்தளத்தில் நிற்கிறது, ஹைபிரிடுக்கென்றே வரைந்ததல்ல. டாடா நிறுவனம் சி.என்.ஜி. வண்டிகளில் ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறியவற்றைத் தரைக்கு அடியில் படுக்கவைத்து, பஞ்சில் 210 லிட்டரையும் நெக்ஸானில் 321 லிட்டரையும் மீட்டது. மாருதியே 2025-இல் வந்த விக்டோரிஸில் சி.என்.ஜி. தொட்டியை வண்டியின் அடிவயிற்றுக்குக் கொண்டுபோனது. சாமான் ஏற்றும் குடும்பம் என்று ஒன்று இருப்பது தெரியாதவர்கள் அல்ல.

டிக்கியை விட்டுக்கொடுக்க முடியாதவர்களுக்கு அதே உயரத்தில் வேறு வழிகள் உண்டு. க்ரெட்டா டீசல் சான்றில் 21.8 தருகிறது, நெடுஞ்சாலைக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனால் படூரில் வீடும் சிப்காட்டில் வேலையும் உள்ளவர் அதை வாங்கினால், புகைபோக்கியின் கரி வடிகட்டி சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவே நேரம் கிடைக்காது. அவ்வப்போது செங்கல்பட்டு வரை சும்மா ஓட்டிவரவேண்டும். சி.என்.ஜி. கிலோமீட்டருக்கு மலிவு, ஆனால் பங்கில் வரிசை. அடுக்ககத்தில் தன் பார்க்கிங்கில் மீட்டரோடு சார்ஜர் போட அனுமதி கிடைத்தவருக்கு மின்கார்தான் எளிய கணக்கு: ஐந்து சதவீத ஜி.எஸ்.டி., தமிழக அரசு அளித்துவந்த சாலை வரி விலக்கு, நெரிசலில் ஹைபிரிடைவிட அமைதி. குடியிருப்போர் சங்கம் சார்ஜருக்கு அனுமதி தராத அடுக்ககவாசிக்கும், வாரத்தில் ஐந்து நாள் ஓ.எம்.ஆரில் ஊர்பவருக்கும் கிராண்ட் விட்டாரா ஹைபிரிடே முதல் தேர்வு. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டிலுள்ள மிகப் பெரிய பெட்டியையும், குழந்தையின் தள்ளுவண்டியையும் எடுத்துச்சென்று டிக்கியில் வைத்துக் கதவை மூடிப் பார்க்கவேண்டும். ஷோரூம்காரர்கள் முகம் சுளித்தாலும் சரி.