கனகபுரா: எண்ணிக்கை வென்றது, ஊர் தோற்றது

பெங்களூருவின் தென்விளிம்பில் தொடங்கி, காவிரியும் அர்க்காவதியும் கலக்கும் சங்கமம் வரை நீண்டு கிடந்தது கனகபுரா மக்களவைத் தொகுதி. 1967இல் முதல் தேர்தலைக் கண்ட அது 2004இல் கடைசித் தேர்தலைக் கண்டது. 2008ஆம் ஆண்டின் மறுவரையறை ஆணை அதை நீக்கிவிட்டு, பெங்களூரு ஊரகம் என்ற புதிய தொகுதியை அந்த இடத்தில் வைத்தது. ஒரு கிராமப்புறத் தொகுதி ஏன் இறந்தது, இறந்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி கர்நாடகத்தோடு முடிவதில்லை. தொகுதி மறுவரையறையைப் பற்றித் தமிழ்நாடு இவ்வளவு கவலைப்படும் காலத்தில், அந்த முறையின் நல்லதையும் கெட்டதையும் ஒரே இடத்தில் பார்க்க கனகபுராவைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதன் தேர்தல் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் பகுதி நீண்டது, அமைதியானது. 1967இல் காங்கிரஸின் எம்.வி. ராஜசேகரன் வென்றார், அப்போதைய முதல்வர் நிஜலிங்கப்பாவின் மருமகன். 1971இல் இந்திரா அலையில் சி.கே. ஜாபர் ஷெரீப் வென்றார். சித்ரதுர்கா மாவட்டத்துக்காரரான ஒரு முஸ்லிம் தலைவரை ஒக்கலிகர் செல்வாக்கு மிகுந்த ராகி வயல் பூமி தேர்ந்தெடுத்தது அந்த மண்ணின் பெருமைக்குரிய செய்தி. 1977 முதல் 1991 வரை ஐந்து தேர்தல்களிலும் எம்.வி. சந்திரசேகர மூர்த்தி வென்றார். நெருக்கடிநிலைக்குப் பிந்தைய தேர்தலில் வட இந்தியாவே காங்கிரஸைத் துடைத்தெறிந்தபோதும் கனகபுரா அசையவில்லை.

இரண்டாம் பகுதி எட்டே ஆண்டுகள்தான். 1996க்கும் 2004க்கும் இடையே அங்கே ஐந்து தேர்தல்கள் நடந்தன, ஐந்து வெவ்வேறு உறுப்பினர்கள் வந்தார்கள். 1996இல் ஜனதா தளத்தின் எச்.டி. குமாரசாமி, அவருடைய தந்தை தேவகவுடா அதே ஆண்டு ஜூனில் பிரதமரானார். 1998இல் பாஜகவின் எம். சீனிவாஸ். 1999இல் மீண்டும் சந்திரசேகர மூர்த்தி. அவர் மறைந்ததால் 2002இல் இடைத்தேர்தல் வந்தது. முந்தைய தேர்தலில் ஹாசனில் தோற்றிருந்த முன்னாள் பிரதமர் தேவகவுடா கனகபுராவில் நின்றார். எதிரே, எஸ்.எம். கிருஷ்ணா அமைச்சரவையில் இருந்த டி.கே. சிவகுமார். இருவருக்கும் இது பழைய கணக்கு: 1985 சட்டமன்றத் தேர்தலில் சாத்தனூரில் இளைஞரான சிவகுமாரைத் தேவகவுடா தோற்கடித்திருந்தார். இந்த முறையும் தேவகவுடாவே வென்றார். ஆனால் 2004இல் அதே மக்கள் அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி, தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த தேஜஸ்வினியைக் காங்கிரஸ் சார்பில் டெல்லிக்கு அனுப்பினார்கள். ஹாசனிலும் நின்று வென்றிருந்ததால் தேவகவுடா மக்களவையில் நீடித்தார்.

இந்தக் கொந்தளிப்பைக் குடும்பப் பகை என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். தொகுதிக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நகரம் தெற்கே வழிந்து வந்தது. உத்தரஹள்ளி சட்டமன்றப் பகுதி ஏரிக்கரைக் கிராமங்களாக இருந்த நிலை மாறி, அடுக்குமாடிக் குடியிருப்புகளும் லேஅவுட்களுமாகப் பெருத்தது. ஆனேக்கல் பகுதியில் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே என்று தொழிற்பேட்டைகள் எழுந்தன. ஓசூர் எல்லையைக் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே குடியேறினார்கள். பட்டுக்கூடு விற்கும் ராமநகரா விவசாயியும், கனகபுரா சாலையில் வீட்டுக்கடன் கட்டும் மென்பொருள் ஊழியரும் ஒரே வேட்பாளர் பட்டியலைப் பார்த்து வாக்களித்தார்கள். 1998இல் பாஜக அங்கே வென்றதை நகர வாக்கின் முதல் குரலாகவே நான் பார்க்கிறேன். ஆகவே, 2008இல் ஒரு தூய கிராமத் தொகுதியை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று சொல்வது உண்மையாகாது. கனகபுராவின் கிராமத்தன்மை அதற்கு முன்பே பாதி கரைந்திருந்தது.

இங்கேதான் மறுவரையறையின் பலத்தை மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். 1976இன் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிகளை உறைய வைத்தது. அதன்படி 1971 மக்கள்தொகையைக் கொண்டு போட்ட கோடுகளே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றன. அந்த இடைவெளியில் பெங்களூரு ஏறக்குறைய 16.5 லட்சத்திலிருந்து 57 லட்சமாக வளர்ந்தது. விளைவு, உத்தரஹள்ளியின் வாக்காளர் எண்ணிக்கை சாத்தனூரைப் போலப் பல மடங்கானது. இரண்டுக்கும் தலா ஒரு எம்.எல்.ஏ.தான். உத்தரஹள்ளியில் வாழ்ந்தவருடைய வாக்கின் எடை சாத்தனூர்க்காரருடைய வாக்கில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. இதைச் சகித்துக்கொள்வது ஜனநாயகமாகாது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கெடுப்பின்படி அதைச் சரிசெய்தது. பெங்களூரு நகரின் சட்டமன்ற இடங்கள் 16இலிருந்து 28 ஆயின. உத்தரஹள்ளி உடைக்கப்பட்டுப் பல தொகுதிகளாயிற்று. சாத்தனூர் மறைந்தது, சிவகுமார் கனகபுரா சட்டமன்றத் தொகுதிக்கு மாறினார். 2008 மே மாதத் தேர்தலில் புதிய கோடுகளின்படி வாக்களித்த முதல் மாநிலம் கர்நாடகம்தான். நகரத்தின் குடிமக்களுக்கு நெடுநாள் மறுக்கப்பட்ட நியாயம் அன்று கிடைத்தது.

குறை எங்கே என்றால், அந்த நியாயம் செய்யப்பட்ட விதத்தில். சட்டமன்ற அளவில் கோடுகளைக் கவனமாக இழுத்தவர்கள், அவற்றைச் சேர்த்து மக்களவைத் தொகுதி கட்டியபோது எட்டு எட்டாகக் கூட்டுவதோடு நின்றுவிட்டார்கள் என்பது என் மதிப்பீடு. பெங்களூரு ஊரகத் தொகுதியைப் பாருங்கள். துமகூரு மாவட்டத்தின் குனிகல். ராமநகரா மாவட்டத்தின் மாகடி, ராமநகரா, கனகபுரா, சென்னபட்டணா. பெங்களூரு நகர மாவட்டத்தின் ராஜராஜேஸ்வரி நகர், பெங்களூரு தெற்கு, ஆனேக்கல். பெங்களூரு ஊரக மாவட்டத்தின் ஒரு சட்டமன்றத் தொகுதிகூட இதில் இல்லை. அந்த மாவட்டத்தின் ஹொசகோட்டே, தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரா, நெலமங்களா நான்கும் சிக்கபள்ளாபுரா தொகுதியில் இருக்கின்றன. தேவனஹள்ளி விவசாயி தன் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய தொகுதியின் எம்.பி.யிடம் மனு கொடுக்கப் போனால், அவர் இவருடைய எம்.பி. இல்லை. 2025இல் ராமநகரா மாவட்டத்துக்கே பெங்களூரு தெற்கு என்று பெயர் சூட்ட மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. நகரத்தின் பெயர் ஒன்றே முதலீட்டை இழுக்கும் என்ற எண்ணம் அதன் பின்னே இருக்கிறது. ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வரைபடத்திலிருந்து விலகுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தச் சேர்க்கையால் அரசியல் எடை எங்கே சாய்ந்தது என்பதைப் புதிய தொகுதியின் தேர்தல்கள் காட்டுகின்றன. 2009இல் குமாரசாமி வென்றார். அவர் சட்டமன்றத்துக்குத் திரும்பியதால் 2013இல் வந்த இடைத்தேர்தலில், சிவகுமாரின் தம்பி டி.கே. சுரேஷ் குமாரசாமியின் மனைவி அனிதாவைத் தோற்கடித்தார். 2014இலும் சுரேஷ். 2019இல் மாநிலம் முழுவதும் காங்கிரஸ் வென்ற ஒரே இடம் இதுவே. 2024இல் தேவகவுடாவின் மருமகனும் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையின் முன்னாள் இயக்குநருமான டாக்டர் சி.என். மஞ்சுநாத், பாஜக சின்னத்தில் நின்று 2,69,647 வாக்குகள் வித்தியாசத்தில் சுரேஷை வீழ்த்தினார். தேவகவுடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளத்துடனான கூட்டணி கிராமங்களில் உதவியது, மருத்துவர் என்ற நற்பெயரும் உதவியது. ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தவை ராஜராஜேஸ்வரி நகரும் பெங்களூரு தெற்கும். கனகபுரா சட்டமன்றப் பகுதி சுரேஷோடுதான் நின்றது. யார் வென்றது நல்லது என்பது என் விசாரம் இல்லை. நகரத்தின் இரண்டு மூலைகள் முடிவெடுத்தால் மற்ற ஊர்கள் என்ன நினைத்தாலும் கணக்கு மாறாது என்ற நிலைதான் கவலை தருகிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு குடிக்கும் காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து புறப்பட்டு, ஹாரோஹள்ளியிலும் தாதகுனியிலும் மீண்டும் மீண்டும் மேலேற்றப்பட்டு நகருக்குள் வருகிறது. குழாய் போவது கனகபுரா மண்ணில். மேகதாது அணைக்கான இடமும் அந்தத் தாலுகாவில்தான். 2022 ஜனவரியில் சிவகுமார் அந்த அணை கேட்டு நடைப்பயணத்தைத் தொடங்கியதும் சங்கமத்திலிருந்துதான். அணை வந்தால் மூழ்கப்போகும் காடும் ஊர்நிலமும் இந்தத் தொகுதிக்குள் இருக்கின்றன. அந்த நீருக்காகக் காத்திருக்கும் நகரவாசிகளும் இதே தொகுதியில் இருக்கிறார்கள். இருதரப்புக்கும் ஒரே எம்.பி. அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்பதை வாக்காளர் எண்ணிக்கையே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது. கர்நாடகம், தமிழ்நாடு என்ற சண்டைக்குள் மூழ்கப்போகும் ஊர்கள் என்ற மூன்றாவது தரப்பு யார் காதிலும் விழுவதில்லை.

சரி, ஊர்களின் குரலை இழந்து பெற்ற சமத்துவமாவது நிலைத்ததா? 2024 தேர்தலில் பெங்களூரு வடக்கில் ஏறக்குறைய 32 லட்சம் வாக்காளர்கள், ஊரகத்தில் 28 லட்சம், உடுப்பி சிக்கமகளூருவில் 16 லட்சத்துக்கும் குறைவு. சட்டமன்றத்தில் இடைவெளி இன்னும் மோசம்: 2023இல் பெங்களூரு தெற்கில் ஏழு லட்சம் பேர், சிருங்கேரியில் 1.7 லட்சத்துக்கும் குறைவு. உத்தரஹள்ளியின் பழைய அநீதி அதே மண்ணில் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெரிய அறுவை செய்துவிட்டு இடையில் எதையும் தொடாமல் விடும் முறை, எண்ணிக்கையையும் காப்பாற்றாது, ஊரையும் காப்பாற்றாது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் காயம் உண்டு. அதே 2008 ஆணையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி மறைந்தது. தனி சமஸ்தானமாக இருந்து 1948இல் இந்தியாவோடு சேர்ந்த மண் அது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு பக்கம் பிரிந்தன: புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி.க்கள் இருப்பது வசதி என்று தோன்றலாம். நால்வரில் ஒருவருக்கும் அந்த மாவட்டம் முதன்மை இல்லை என்பதே நடைமுறை.

வெளிநாடுகளிலும் இதே இழுபறி நடக்கிறது. ஸ்காட்லாந்தின் ராஸ், ஸ்கை, லோகாபர் தொகுதி பிரிட்டனிலேயே பரப்பில் மிகப் பெரியதாக இருந்தது. மலையும் தீவுமாகக் கிடந்த அந்தக் கிராமப்புறத் தொகுதியும் 2024 தேர்தலோடு மறைந்தது. அங்கே ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது கடுமையான விதி. ஆனால் அந்தச் சட்டமே ஓர்க்னி-ஷெட்லாந்து போன்ற ஐந்து தீவுத் தொகுதிகளுக்கு விலக்கு தருகிறது; எந்தத் தொகுதியும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது; உள்ளூர்ப் பிணைப்புகளை ஆணையம் கருத்தில் கொள்ளலாம் என்றும் இடம் விடுகிறது. நம்முடைய 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம் நில அமைப்பையும் நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்தையும் மக்கள் வசதியையும் மட்டும் பேசுகிறது. ஓர் ஊர் எந்த ஊரோடு வாழ்ந்து பழகியது என்று கேட்க அதில் இடமில்லை. ஆணையத்தில் துணை உறுப்பினர்களாக ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் அமர்கிறார்கள், அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. சாதாரணக் குடிமகனுக்கு மிஞ்சுவது வரைவு வெளியான பின் ஆட்சேபம் தெரிவிப்பதும் பொது அமர்வும் மட்டும். ஆணை வெளியான பிறகு நீதிமன்றத்தை நாடுவதற்கும் அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் தொகுதி மறுவரையறை பற்றி மு.க. ஸ்டாலின் கூட்டிய கூட்டத்தில் சிவகுமாரும் கலந்துகொண்டார். மாநிலங்களுக்கு எத்தனை இடங்கள் என்பதே அங்கே பேசுபொருள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக 1967இல் 41இலிருந்து 39க்கு இறங்கிய தமிழ்நாடு அதைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் மாநிலத்துக்குள் கோடு எங்கே விழும் என்ற கேள்வியைக் கனகபுராக்காரர்தான் முதலில் எழுப்பியிருக்க வேண்டும். இடங்கள் கூடினாலும் குறைந்தாலும், ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் இன்னொரு கனகபுராவும் இன்னொரு புதுக்கோட்டையும் உருவாகும்.

ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மாநிலத்தின் இடங்களைத் தொடாமல் உள்கோடுகளை மட்டும் சிறிது சிறிதாகத் திருத்தும் ஏற்பாடு வேண்டும். ஒரு மாவட்டத்தை இரண்டுக்கு மேற்பட்ட மக்களவைத் தொகுதிகளாக உடைத்தால் காரணத்தை ஆணையம் எழுத்தில் தர வேண்டும். பெருநகர விளிம்பில் நகரப் பகுதிகளை நகரத் தொகுதிகளோடும் கிராமப் பகுதிகளைக் கிராமத் தொகுதிகளோடும் சேர்க்க முதலில் முயல வேண்டும். முடியாதபோதுதான் கலக்க வேண்டும். அடுத்த ஆணையம் கர்நாடகத்துக்கு வரும்போது பெங்களூருவின் அரங்கு ஒன்றில் அமர்வை முடித்துக்கொள்ளாமல் கனகபுராவிலும் குனிகல்லிலும் ஆனேக்கல்லிலும் உட்கார வேண்டும். ஆனேக்கல்லில் உட்காரும் நாளில் தமிழிலும் தெலுங்கிலும் வரும் ஆட்சேபங்களையும் வாங்கிப் பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் என்ன முடிவு, ஏன் என்று இறுதி ஆணையோடு வெளியிட வேண்டும்.