குளிரில் வெளுக்கும் விரலும் தாமதமாகும் மருத்துவமும்

ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்த மாத்திரத்தில் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். பிறகு நீலம் பாரிக்கும். சூடு திரும்பும்போது சிவந்து, எரிச்சலெடுக்கும். 1862இல் மொரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இந்தக் கோளாறு பலருக்கு வெறும் தொந்தரவுதான். ஸ்கிளிரோடெர்மா என்ற இணைப்புத் திசு நோய் இருப்பவர்களுக்கோ விரல் நுனி புண்ணாகி, கறுத்து, விரலையே எடுக்க வேண்டிவரலாம்.

ஆனாலும் இரு சாராருக்கும் முதலில் எழுதப்படுவது ரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபின்தான். அதில் நியாயம் உண்டு: மலிவான மாத்திரை, நெடுநாள் பழகியது, விரல் வெளுக்கும் தடவைகளை ஓரளவு குறைக்கிறது. முதல் சாராருக்கு ரத்தக்குழாய் சுருங்குவது மட்டுமே சிக்கல் என்பதால் அதுவே பெரும்பாலும் போதும். ஸ்கிளிரோடெர்மாவில் குழாயின் உட்சுவரே தடித்து வழி குறுகியிருக்கிறது. விரிக்கும் மருந்து அங்கே எவ்வளவுதான் விரிக்கும்? போதாக்குறைக்கு, தலைவலி, கால் வீக்கத்தோடு நெஞ்செரிச்சலையும் இந்த மாத்திரை கூட்டும். உணவுக்குழாய் ஏற்கெனவே தளர்ந்துபோன இந்த நோயாளிகளுக்கு அது சின்னக் குறை அல்ல.

அடுத்த கட்ட மருந்துகளும் குறையற்றவை அல்ல. ஆய்வுகளில் போசென்டான் புதுப் புண் வருவதைக் குறைத்தது. வந்த புண்ணை விரைந்து ஆற்றவில்லை. மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்தால் இந்தத் தடையின் கனம் புரியும். ரத்தக்குழாய் வழியே நாளுக்குப் பல மணி நேரம் ஏற்றும் ஐலோப்ரோஸ்ட்டுக்காகப் பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

படிப்படியாக ஏறும் முறை தவறென்று சொல்லமாட்டேன். புண் வந்த பிறகுதான் அடுத்த படி என்று காத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. யாருக்கு ஆபத்து என்பதை முன்கூட்டியே ஊகிக்க வழி இருக்கிறது. நகக்கண் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண் பரிசோதிக்கும் ஆஃப்தல்மாஸ்கோப்பால் பார்த்தாலே பருத்த, அறுந்துபோன நுண்குழாய்கள் தெரியும். சில நிமிட வேலை. ஒற்றைத் தலைவலிக்கோ ரத்த அழுத்தத்துக்கோ, இந்தக் கோளாறைக் கூட்டக்கூடிய பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறாரா, புகைபிடிக்கிறாரா என்று கேட்கவும் செலவில்லை. கையுறை மட்டும் போதாது, உடல் முழுவதும் கதகதப்பாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும் என்பதையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும். விரல் நுனி கறுக்கத் தொடங்கினால் அடுத்த செக்கப் தேதி வரை பொறுக்காமல் அன்றே வரவேண்டும் என்பதை, மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம்.